சத்தமில்லாத ராத்திரி... கண்ணாடித் தண்ணீர்! ஃப்ளோரிடா ஊற்றுகளில் டைவ் அடிப்பவர்கள் டென்ட் போட இடம் தேடுவது எப்படி?

முதல் நாள் ராத்திரி எங்கே தூங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான், மறுநாள் காலை தண்ணீருக்கு அடியில் நிதானமாக இருப்போமா இல்லையா என்பது தெரியும்.

ஃப்ளோரிடா என்றதும் டிஸ்னி வேர்ல்டும் மயாமி கடற்கரையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், ஸ்கூபா டைவிங் பைத்தியம் பிடித்தவர்களைக் கேட்டால் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, மாநிலத்தின் வடக்கே, காட்டுக்குள் கையைக் காட்டுவார்கள். அங்கே இருப்பவை நன்னீர் ஊற்றுகள். ஒன்றல்ல, இரண்டல்ல... ஃப்ளோரிடாவில் கணக்கெடுக்கப்பட்ட ஊற்றுகள் ஆயிரத்துக்கும் மேல்.

அந்த மாநிலத்தின் அடித்தளமே சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பூமிக்கடியில் சுரங்கப்பாதைகளை உண்டாக்கியிருக்கிறது. அந்தப் பாதைகள் வழியாக ஓடும் தண்ணீர் எங்கெல்லாம் வாய் திறக்கிறதோ அங்கெல்லாம் ஓர் ஊற்று. இவற்றில் 'முதல் நிலை ஊற்று' என்று பெயர் வாங்க வேண்டுமென்றால், நாளொன்றுக்குச் சுமார் 24 கோடி லிட்டர் தண்ணீரையாவது வெளியே தள்ள வேண்டும். வெயில் காலமோ குளிர் காலமோ, தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ்தான். தெளிவோ... பல அடி ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லையும் மேலிருந்தே எண்ணிவிடலாம்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹோட்டலில் தங்குவதில்லை. சிலிண்டர், வெட்சூட், லைட், சார்ஜர் என்று ஒரு வண்டி சாமான் இருக்கும். காலையில் முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். அதனால் ஊற்றுக்குப் பக்கத்திலேயே டென்ட் போடுவதுதான் வழக்கம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்?

'ஒரு ராத்திரி தூங்காவிட்டால் என்ன, காலையில் ரெண்டு காபி குடித்தால் போச்சு' என்று நினைக்கலாம். மலையேற்றத்துக்கோ ஊர் சுற்றுவதற்கோ அது சரிப்பட்டு வரலாம். டைவிங்குக்குச் சரிப்படாது. ஏனென்றால் டைவிங் முழுக்க முழுக்கக் கணக்கு. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம், கூட வந்தவர் எங்கே என்று மனசு ஒவ்வொரு நிமிடமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊற்றுகளில் இது இன்னும் கூடுதல். கடலில் ஏதாவது பிரச்னை என்றால், நிதானமாக மேலே வந்துவிடலாம். ஊற்றின் வாய்க்குள் நுழைந்துவிட்டால் தலைக்கு மேலே இருப்பது ஆகாயமல்ல, பாறை. வந்த வழியிலேயே திரும்பினால்தான் வெளிச்சம். குகை டைவிங்கின் முன்னோடியான ஷெக் எக்ஸ்லி, நடந்த விபத்துகளை ஒவ்வொன்றாக அலசி 1979-ல் ஒரு கையேடு எழுதினார். வெளியே வரை நீளும் வழிகாட்டிக் கயிறு இல்லாதது, திரும்பி வரப் போதுமான காற்றை மிச்சம் வைக்காதது, அளவுக்கு மீறிய ஆழத்துக்குப் போனது... உயிர்கள் போனதற்குப் பெரும்பாலும் இவையே காரணங்களாக இருந்தன. காற்றை மூன்று பங்காகப் பிரித்து, உள்ளே போக ஒன்று, திரும்ப ஒன்று, ஆபத்துக்கு ஒன்று என வைத்துக்கொள்ளும் விதி இன்றைக்கும் குகை டைவர்களுக்குப் பாலபாடம்.

பல குகைகளின் வாசலில், தண்ணீருக்கு அடியிலேயே ஓர் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. கறுப்பு அங்கி போட்ட மரணதேவதையின் படம். இதே போன்ற குகைகளில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், அவர்களில் டைவிங் பயிற்சியாளர்களும் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. குகைப் பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பலகையைத் தாண்டவே கூடாது. பயிற்சி உள்ளவர்களும், அரைத் தூக்கத்தில் தாண்டக் கூடாது.

அதனால், அமைதியான முகாம் இடம் என்பது சொகுசு விஷயமல்ல. சிலிண்டரைச் சரிபார்ப்பது மாதிரி, அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

இடத்துக்கு முன்னால் நாளைப் பாருங்கள்

எங்கே தங்குவது என்பதற்கு முன்னால் எப்போது போவது என்பதை முடிவு செய்ய வேண்டும். ஒரே இடம்தான், செவ்வாய்க்கிழமை கோயில் பிராகாரம் போலவும், சனிக்கிழமை தேர்த் திருவிழா போலவும் இருக்கும்.

ஹை ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பக்கத்தில் சாண்டா ஃபே ஆற்றங்கரையில் இருக்கும் ஜின்னி ஸ்பிரிங்ஸ் இதற்கு நல்ல உதாரணம். உலகம் முழுக்க உள்ள டைவர்களுக்குத் தெரிந்த தனியார் பூங்கா இது. இங்கே உள்ள 'பால்ரூம்' என்ற பெரிய அறைக்குள், குகைப் பயிற்சி இல்லாதவர்களும் போய்ப் பார்க்கலாம். அதற்கு மேல் யாரும் போய்விடாதபடி கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே 'டெவில்ஸ் ஐ', 'டெவில்ஸ் இயர்' என்ற வாய்கள் வழியாக நீளும் பெரிய குகைத் தொகுதி. அங்கே குகைப் பயிற்சி பெறாதவர்கள் கையில் லைட் எடுத்துப்போகவே அனுமதி இல்லை. லைட் இருந்தால் ஆசை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான் அந்த விதி.

அதே ஆற்றில் கோடைக்காலத்தில் ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதந்துபோக இளைஞர் கூட்டம் அலைமோதும். மே கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே விடுமுறையிலிருந்து, செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே வரைக்கும் இதுதான் சீசன். ஸ்பீக்கர், அடுப்புப் புகை, அரட்டை என எல்லாம் இருக்கும். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வந்திருப்பது கொண்டாட. நீங்கள் போவது தூங்கி எழுந்து டைவ் அடிக்க. இரண்டும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது, அவ்வளவுதான்.

ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை, அதுவும் வார நாள்களாகப் பார்த்துப் போவது உத்தமம். வெளியே குளிர் நடுக்கினாலும் தண்ணீர் அதே 22 டிகிரி. அதிகாலையில் ஊற்றிலிருந்து ஆவி எழும்பும். கொசு குறைவு, இடி மின்னலும் குறைவு. கோடையில் ஃப்ளோரிடாவின் மதிய நேர இடிமழை டைவ் திட்டத்தையே கவிழ்த்துவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆற்றின் நீர்மட்டம்! ஆற்றில் வெள்ளம் வந்தால், ஊற்று வெளியே தள்ளுவதற்குப் பதிலாக ஆற்றுத் தண்ணீர் ஊற்றுக்குள் போய்விடும். இலைச்சாறு ஊறிய அந்தத் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். கண்ணாடித் தண்ணீர் தெளிய வாரக்கணக்கில் ஆகலாம். டிக்கெட் போடும் முன் நீர்மட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

டைவ் ஓரிடம்... தூக்கம் வேறிடம்!

டைவ் அடிக்கும் இடத்திலேயேதான் தங்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அனுபவசாலிகள் பலரும் அரை மணி நேரம் வண்டி ஓட்டினாலும் பரவாயில்லை என்று சற்றுத் தள்ளி டென்ட் போடுகிறார்கள்.

ஓலீனோ ஸ்டேட் பார்க்: ஜின்னி பகுதியில் டைவ் அடிப்பவர்களுக்கு நல்ல தங்குமிடம். ஹை ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே இருக்கும் பழைய மாநிலப் பூங்கா. சாண்டா ஃபே ஆறு இங்கேதான் திடீரென்று பூமிக்குள் மறைந்து, சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி 'ரிவர் ரைஸ்' என்ற இடத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. மாநிலப் பூங்காக்களில் இரவு 11 மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்பது விதி. ராத்திரியில் ஆந்தைக் குரல்தான் ஸ்பீக்கர்!

மனாட்டீ ஸ்பிரிங்ஸ் ஸ்டேட் பார்க்: சீஃப்லாண்ட் ஊருக்குப் பக்கத்தில், சுவானி ஆற்றில் கலக்கும் முதல் நிலை ஊற்று. இயற்கை ஆய்வாளர் வில்லியம் பார்ட்ராம் 1774-லேயே வந்து வியந்து எழுதிய இடம். டைவிங், டென்ட் இரண்டுக்கும் ஒரே பூங்காவில் வசதி உண்டு. குளிர்காலத்தில் ஆற்றிலிருந்து மனாட்டீ என்ற கடற்பசுக்கள் வெதுவெதுப்பைத் தேடி வரும். பார்க்கலாம், தொடவோ துரத்தவோ கூடாது, சட்டப்படி குற்றம்.

வெஸ் ஸ்கைல்ஸ் பீகாக் ஸ்பிரிங்ஸ்: தண்ணீருக்கு அடியில் சுமார் 10 கிலோமீட்டர் குகைப் பாதை அளக்கப்பட்டிருக்கிறது. குகை டைவர்களின் புண்ணியத்தலம் என்றே சொல்லலாம். 2010-ல் மறைந்த நீரடிப் புகைப்படக்காரர் வெஸ் ஸ்கைல்ஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் இங்கே தங்க முடியாது, பகலில் மட்டும்தான் அனுமதி. மேயோ ஊர்ப் பக்கத்தில் உள்ள லாஃபாயெட் ப்ளூ ஸ்பிரிங்ஸ் பூங்காவில் டென்ட் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பலாம்.

ட்ராய் ஸ்பிரிங்: சுமார் 21 மீட்டர் ஆழம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-ல் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட 'மேடிசன்' என்ற நீராவிப் படகின் எச்சங்கள் இங்கே கிடக்கின்றன. இங்கேயும் ராத்திரி தங்க அனுமதி இல்லை.

மாநிலப் பூங்காக்களில் ஒரே ஒரு சங்கடம், முன்பதிவு. ஃப்ளோரிடாவாசிகள் 11 மாதங்களுக்கு முன்பிருந்தும், மற்றவர்கள் 10 மாதங்களுக்கு முன்பிருந்தும் புக் செய்யலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுப்பது மாதிரிதான். வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வார நாள்களில் கடைசி நேரத்திலும் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

தண்ணீரோரம் அழகுதான்... ஆனால்!

பூங்காவைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அதற்குள் எந்த இடம்? எல்லோரும் முதலில் கை வைப்பது ஆற்றோரத்து இடத்தில்தான். அமைதி வேண்டுபவர்கள் யோசிக்க வேண்டிய இடமும் அதுதான்.

ராத்திரியில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும், மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். அப்போது ஒலி மேலே போகாமல் வளைந்து தண்ணீர்ப் பரப்பை ஒட்டியே பயணம் செய்யும். மறைக்க மரமும் இல்லை. அதனால்தான் அக்கரையில் யாரோ பேசுவது காதோரம் பேசுவது போலக் கேட்கிறது. தண்ணீரிலிருந்து கொஞ்சம் தள்ளி, மரங்கள் அடர்ந்த மேட்டில் டென்ட் போட்டால் சத்தமும் குறையும், பனி ஈரமும் குறையும், கொசுவும் குறையும். திடீர் வெள்ள பயமும் இல்லை.

பூங்காவின் வரைபடத்தை போனில் பெரிதாக்கிப் பாருங்கள். கழிப்பறை, குழந்தைகள் விளையாடும் இடம், படகு இறக்கும் துறை, பெரிய குழுக்கள் தங்கும் பகுதி, நுழைவாயில்... இந்த ஐந்துக்கும் தூரமாக, சுற்றுப்பாதையின் கடைசியில், முதுகுப் பக்கம் காடு இருக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கழிப்பறைக்குப் பக்கத்து இடம் வசதி போலத் தெரியும். ராத்திரி முழுக்கக் கதவு சாத்தும் சத்தமும், முகத்தில் அடிக்கும் டார்ச்சும் இலவசம்.

மின் இணைப்பு உள்ள பகுதியா, இல்லாத பகுதியா என்பதும் முக்கியம். மின் இணைப்பு இருந்தால் வீட்டையே வண்டியில் கொண்டுவருபவர்கள் அங்கே வந்து நிற்பார்கள், ஏ.சி. ஓடும். மின் இணைப்பே இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் அனுமதி இருந்தால் அதைவிட மோசம். மின்சாரமும் இல்லாமல், ஜெனரேட்டருக்கும் அனுமதி இல்லாமல், நடந்துபோய்ச் சேரும் டென்ட் பகுதிதான் உண்மையான நிசப்தம். டைவ் லைட்டை மட்டும் முன்கூட்டியே சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும்.

டைவிங் ஊர்களுக்கே உரிய சத்தம் ஒன்று உண்டு, சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர். அது எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை ஓடும் என்று போன் செய்து கேட்டுவிடலாம். கடைசியாக, டென்ட் போடும் முன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்கும் மரத்தடி கூடவே கூடாது.

ஆளரவமே இல்லாத இடம் வேண்டாம்

அமைதி வேண்டும் என்பதற்காக, மனிதவாசனையே இல்லாத காட்டுக்குள் போய்விடுவதும் தவறு. காரணம், டைவிங்கின் ஆபத்து தண்ணீரிலிருந்து வெளியே வந்ததும் முடிந்துவிடுவதில்லை.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைகிறது. வேகமாக மேலே வந்தாலோ, அதிக நேரம் கீழே இருந்தாலோ அது குமிழிகளாகிப் பாதிப்பை உண்டாக்கும். மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் அரிப்பு, தலைசுற்றல், காரணமில்லாத களைப்பு இவையெல்லாம் அறிகுறிகள். சில நிமிடங்களிலும் தெரியலாம், பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். அதாவது, முதல் அறிகுறி டென்டுக்குள் படுத்திருக்கும்போது வரலாம். அப்போது போனில் சிக்னல் வேண்டும், தெளிவாக இருக்கும் துணை வேண்டும், ஆம்புலன்ஸ் வந்து சேரப் பாதை வேண்டும், முதலுதவிக்கு ஆக்ஸிஜன் வேண்டும். 'தோள்பட்டை சும்மா பிடித்திருக்கிறது' என்று தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடக் கூடாது.

இதற்காகவே அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் பழக்கங்கள் சில உண்டு. டைவுக்கு முன்னாலேயே டென்டைப் போட்டுவிடுகிறார்கள், டைவ் முடிந்த கையோடு பாரம் தூக்கி உடம்பை வருத்துவதில்லை. ராத்திரி மதுவைத் தவிர்க்கிறார்கள். உடம்பில் நீர் வற்றிப்போகும், அறிகுறி தெரியாமல் மறைந்தும் போகும். ஊருக்கு விமானம் ஏறுபவர்கள் பல நாள் டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரமாவது இடைவெளி விடுகிறார்கள். அந்தக் கடைசி ராத்திரிக்கும் சேர்த்தே முகாம் இடத்தை புக் செய்துவிடுகிறார்கள்.

மேலே கொட்டுவது கீழே போகும்

சுண்ணாம்புப் பூமியில் ஒரு விஷயம் மறக்கக் கூடாதது. இந்த மணல் எதையும் தாங்கி நிற்காது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர், மிச்ச எண்ணெய், தடவிய கொசு மருந்து என மேலே சிந்துவதெல்லாம் பாறை இடுக்குகள் வழியே நிலத்தடி நீருக்குப் போகக்கூடியவைதான். வயல்களின் உரமும் வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளும் சேர்த்த நைட்ரேட்டால், பல ஊற்றுகளில் ஏற்கெனவே பாசி படர்ந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளை மணலும் பச்சைப் புல்லும் தெரிந்த இடங்கள் அவை. இதே நிலத்தடி நீரைத்தான் சுற்றியுள்ள ஊர்கள் குடிக்கின்றன. கழுவுவதற்கென்று பூங்காவில் ஒதுக்கிய இடத்தைப் பயன்படுத்துவதும், குப்பையைத் திரும்பக் கொண்டுபோவதும் விருந்தாளி காட்ட வேண்டிய மரியாதை.

சாப்பாட்டையும் வெளியே வைக்காதீர்கள். ரக்கூன்கள் ஐஸ் பெட்டியைத் திறப்பதில் கெட்டிக்கார ஜீவன்கள். ஆற்றில் முதலை இனமான அலிகேட்டர் உண்டு. அதற்குத் தீனி போடுவது சட்டவிரோதம். மனிதர் என்றால் சாப்பாடு என்று அது பழகிவிட்டால் ஆபத்து அடுத்து வருபவருக்கு.

புக் செய்யும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. அந்த வாரத்தில் பொது விடுமுறை, திருவிழா, பெரிய குழு முன்பதிவு ஏதாவது இருக்கிறதா?

2. இரவு அமைதி நேரம் எத்தனை மணியிலிருந்து? அதைக் கண்காணிக்க ஆள் உண்டா?

3. ஜெனரேட்டருக்கு அனுமதி உண்டா? எத்தனை மணி வரை?

4. கழிப்பறை, சாலை, கம்ப்ரஸர் ஆகியவற்றிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம்?

5. ஆற்றின் நீர்மட்டம் எப்படி? ஊற்று தெளிவாக இருக்கிறதா?

6. போன் சிக்னல் கிடைக்குமா? அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும்?

7. டைவுக்கு எந்தச் சான்றிதழ் காட்ட வேண்டும்? காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்கலாம்?

இந்த ஏழுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, இருட்டியதும் லைட்டை அணைத்துவிட்டுச் சீக்கிரம் படுப்பது. ஒருவேளை பக்கத்து டென்ட் பாட்டுக் கச்சேரியில் தூக்கமே வராமல் போய்விட்டதா? மறுநாள் காலை டைவைத் தள்ளிப்போட்டுவிட்டு, இன்னொரு தூக்கம் போடுங்கள். ஊற்று எங்கேயும் ஓடிவிடாது. பூமிக்கடியிலிருந்து அதே தெளிவோடு, அதே 22 டிகிரியில், மத்தியானமும் வந்துகொண்டுதான் இருக்கும்!